சாட்டில் பதில் சொன்ன மேடம்

அந்த ஆண்டு மே மாதம் எங்கள் முதலாளி ஒரு கல்லூரியின் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். ஐந்து கம்ப்யூட்டர்கள், நான்கு பேர். முதலாளி முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். என்னோடு படித்தவர்கள் நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அங்கே மூன்று இன்டர்வியூக்களில் கழிக்கப்பட்டு, சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தேன்.

கல்லூரி வண்டலூரைத் தாண்டி இருந்தது. அங்கே பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து தொலைபேசி ஓய்வதில்லை. அதை நிறுத்த வழி கேட்டார்கள். இணையதளத்தில் ஒரு சாட் பெட்டி, பிள்ளைகள் பயன்படுத்தும் மெசஞ்சரில் ஒரு முகவரி, இரண்டிலும் கேட்ட கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் ஒரு நிரல். முதலாளி அதை ரோபோ என்றே சொன்னார். செய்யத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு நாள் கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். ஹாஸ்டலில் முட்டை போடுவீர்களா, பஸ் மேடவாக்கம் வழியாக வருமா, பையனுக்குக் கணக்கில் மார்க் குறைவு, பரவாயில்லையா. பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள் என்று தெரியும். 'இருக்கா' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஏழெட்டு எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்தேன். சாட் பெட்டியின் மூலையில், காதில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தை வைக்கச் சொன்னார்கள். யாருடைய படமோ, இணையத்தில் கிடைத்தது. ஒருவர் வணக்கம் சொன்னால் உடனே பதில் வந்துவிடாமல் இரண்டு நொடி தாமதித்து வரும்படி செய்தேன். ஆள் உட்கார்ந்து டைப் அடிப்பதுபோல் இருக்கும். அது என் சொந்த யோசனை. முதலாளி முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார்.

கடைசியாக வந்தது தேர்வுப் பட்டியல். அந்த வருடம் தபாலில் கடிதம் அனுப்பப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். கல்லூரி வாசலில் பட்டியலை ஒட்டுவார்கள். நேரில் வர முடியாதவர்கள் சாட்டில் கேட்டுக்கொள்ளலாம். விண்ணப்ப எண்ணைக் கேட்டு இடம் உண்டா இல்லையா என்று சொல்வது எளிது. ஆனால் இரண்டு கவுண்டர்களில் ஒரே எண் வரிசையில் படிவங்களை விற்றுத் தொலைத்திருந்தார்கள். அதனால் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேட வேண்டும் என்றார் அட்மிஷன் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், நிதானமாகப் பேசுகிறவர்.

"பேர் தப்பா அடிச்சாங்கன்னா கிடைக்காது சார்," என்றேன். "அப்போ 'விவரம் கிடைக்கவில்லை, அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்'னு போட்டு நம்பர் கொடுத்துடலாம்."

"எதுக்கும்மா இவ்ளோ செலவு பண்ணி இதை வைக்கிறோம்? போன் வரக்கூடாதுன்னுதானே? பட்டியல்ல பேர் இல்லைன்னா இடம் இல்லை. அவ்ளோதான். அதையே மரியாதையா சொல்லிடுங்க."

முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார். அலுவலகத்துக்கு வந்து அந்த வாக்கியத்தை எழுதினேன். "மன்னிக்கவும். இந்த ஆண்டு உங்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." வாழ்த்தை யாரும் போடச் சொல்லவில்லை. வெறுமனே இல்லை என்று சொல்வது முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறதே என்று நானே சேர்த்தேன்.

இனிஷியல் பெயருக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் கண்டுபிடிக்கும்படி செய்தேன். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் பெயர், அப்பா பெயர், அலுவலகத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. எங்கள் நால்வருக்கும் ஒற்றைச் சொல் பெயர்.

பட்டியல் வெளியான வாரம் ரோபோ நன்றாக வேலை செய்தது. கல்லூரியில் போன் குறைந்துவிட்டது என்று அதிகாரி நேரில் வந்து சொன்னார். இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். பணம் கட்டக் கடைசி நாளும் முடிந்து, காலி இடங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்து முடித்தபிறகு, எத்தனை பேர் பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று ஓர் அறிக்கை வேண்டும் என்றார்கள். உரையாடல்கள் எல்லாம் பதிவாகியிருந்தன. மிக நீளமானவற்றை முதலில் படிப்போம் என்று எடுத்தேன்.

எல்லாவற்றிலும் நீளமானது ஒரு பெண்ணுடையது. இரண்டு நாளில் ஐந்து முறை வந்திருந்தாள். முதல் முறை பெயரையும் தேதியையும் தந்து, இடம் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

"மேடம், இன்னொரு தடவை பாருங்க மேடம். மார்க் நல்லா வந்திருக்கு. அதான் கேக்கறேன்."

ரோபோ மறுபடியும் பெயரைக் கேட்டது. மறுபடியும் மன்னிப்புக் கேட்டு வாழ்த்தியது.

"எங்க அத்தா இந்தக் காலேஜ்னா மட்டும்தான் அனுப்பறேன்னு சொன்னாங்க மேடம். இந்த பஸ்தான் எங்க தெரு முனையில நிக்குது."

'பஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் ரோபோ உற்சாகமாகப் பதினொரு வழித்தடங்களையும் வரிசையாகக் கொடுத்திருந்தது. முடிச்சூர் ரோடும் அதில் இருந்தது.

மறுநாள் காலை அவள் இப்படி ஆரம்பித்திருந்தாள்: "மேடம், நேத்து வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"வணக்கம்! உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி."

"கோவிச்சுக்காதீங்க மேடம். கடைசியா ஒரே ஒரு தடவை."

கடைசி முறைக்குப் பின்னும் ஒரு முறை கேட்டிருந்தாள். முடிவில், "சரி மேடம். பரவாயில்ல. தேங்க்ஸ்," என்று அடித்திருந்தாள். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று ரோபோ கேட்டது. "வேணாம் மேடம்."

பட்டியலைத் திறந்து பிறந்த தேதியை மட்டும் போட்டுத் தேடினேன். அவள் இருந்தாள். பி.காம்., முதல் பட்டியலிலேயே. அவளுடைய பெயரில் இரண்டு சொற்கள். அவள் தன் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி இடைவெளி விட்டு அடித்திருந்தாள். பட்டியலைத் தயாரித்தவர் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதியிருந்தார். இனிஷியலுக்கு அத்தனை பாடுபட்ட எனக்கு இது தோன்றவேயில்லை.

அதே போல் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சாயங்காலம்வரை தேடினேன். இன்னும் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் சாட்டை நம்பாமல் நேரில் போய்ப் பார்த்துச் சேர்ந்திருந்தார்கள். மூன்றாவது ஒரு பையன். அவனைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "பட்டியல் அவங்க கொடுத்தது. வாக்கியம் அவங்க சொன்னது. நீ எதுக்கும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கிற? தப்பைச் சரி பண்ணிடு. அறிக்கையில இதெல்லாம் வேணாம்."

தப்பைச் சரிசெய்தேன். இடைவெளியை எடுத்துவிட்டு ஒப்பிட வைப்பதற்கு ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

விண்ணப்ப விவரங்களில் அவள் முகவரி இருந்தது. அதைப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை. சனிக்கிழமை காலை முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே கதவு. அவளுடைய அம்மா மட்டும் இருந்தார். கல்லூரி வேலையாக வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். அவள் அத்தா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வேலைக்குப் போயிருக்கிறார் என்றார். பெண் தையல் வகுப்புக்குப் போயிருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவருக்குப் புரியவில்லை.

"அப்போ எங்க பொண்ணுக்கு சீட் கிடைச்சிருந்துச்சா?"

"ஆமாம்மா."

"இப்போ போனா சேத்துப்பாங்களா?"

"இல்லம்மா. தேதி முடிஞ்சிடுச்சு. வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

கோபப்படுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"அப்புறம் எதுக்கும்மா சொல்ல வந்தே?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தா. இப்பதான் எழுந்து நடமாடறா. ஒரு சம்பந்தம் பேசிட்டு இருக்காங்க. கெடைச்சது, ஆனா இல்லைன்னு போய் நான் அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீ சொல்லாதே. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வந்துவிட்டாள். ஒல்லியாக, தோளில் துணிப்பை. தலைத் துணியைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"காலேஜ்லேருந்து வந்திருக்காங்க," என்றார் அம்மா.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்க வேண்டாம். "மேடம், வெயிட்டிங் லிஸ்ட்டா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றேன். "அட்ரஸ் சரிபார்க்க வந்தேன். விண்ணப்பம் போட்ட எல்லார் வீட்டுக்கும் போறோம்."

"ஓ," என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல பதில் சொன்னது நீங்களா மேடம்? போட்டோல வேற மாதிரி இருந்தீங்க."

அது மெஷின், அப்படி ஒரு மேடமே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அவள் கெஞ்சியது யாரிடமும் இல்லை என்று ஆகிவிடும்.

"ஆமாம். நான்தான்."

"ரொம்ப தொந்தரவு பண்ணிட்டேன் இல்ல? திருப்பித் திருப்பிக் கேட்டு. சாரி மேடம். நீங்க பொறுமையா பதில் சொன்னீங்க."

அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ரயில்வே சுரங்கப்பாதைவரை தள்ளிக்கொண்டே நடந்தேன். மறுநாள் சர்ச் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் வாயும் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அப்பா, உடம்புக்கு என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன். அவர் முப்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளியோடு கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஒரே பரபரப்பு. சாட்டில் இடம் இல்லை என்று பதில் வாங்கியிருந்த அந்தப் பையன் வந்திருந்தான், கூடவே வெள்ளை வேட்டி கட்டிய அவனுடைய மாமா. மாமாவுக்கு வேண்டிய பெரிய மனிதர் யாரோ கல்லூரித் தலைவருக்குப் போன் செய்திருந்தார். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பையனுக்கு பி.காமில் இடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் கூடுதலாக ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் அதிகாரியிடம் சொன்னேன். "சார், இதே தப்புல இன்னொரு பொண்ணும் விட்டுப்போயிருக்கு. அவளும் பி.காம்தான்."

முதலாளி என் பக்கம் சட்டென்று திரும்பினார்.

"யாரு? யாரோட பொண்ணு?" என்றார் அதிகாரி.

"யாரும் இல்ல சார். சாதாரண குடும்பம்."

அவர் பேனாவை மூடினார். பிறகு, எதிர்பாராமல், "நாளைக்கு அப்பாவோட வரச் சொல்லுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு. முன்னாடியே சொல்றேன், உறுதியா சொல்ல முடியாது. பேசிப் பார்க்கறேன்," என்றார்.

அன்று மாலை ஐந்து மணிக்கே அந்தச் சந்துக்குப் போய்விட்டேன். இந்த முறை அவளுடைய அத்தா இருந்தார். பனியனோடு தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையில், எதற்கு மறுபடி வந்தாய் என்ற கேள்வி இருந்தது. உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் 'இடம் கிடைத்திருந்தது' என்று சொன்னபோது உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நாளைக்கு வரச் சொன்னாங்களா?" என்றார்.

"ஆமாங்க. முயற்சி பண்றேன்னு சொன்னார்."

"முயற்சி." அவர் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். "நாளைக்கு மாப்பிள்ளை வூட்லேருந்து வராங்கம்மா. தேதி குறிக்க. ஆம்பூர்லேருந்து வராங்க. அவங்கள வர வேணாம்னு சொல்லிட்டு இவளக் கூட்டினு காலேஜுக்கு வரணும். வந்த பிறகு, இல்லைன்னு சொல்லிட்டா?"

"நான் கூடவே இருந்து பேசறேங்க."

"நீ நல்ல பொண்ணாத்தான் கீறே. இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்கதானே மொதல்ல இல்லைன்னு சொன்னீங்க? என் பொண்ணு அஞ்சு தபா கேட்டா. அஞ்சு தபாவும் இல்லைன்னீங்க. சரி, இல்லைன்னு நாங்க மனசைத் தேத்திக்கினோம். இப்ப வந்து இருக்குங்கறே. எதை நம்பி நான் அவங்கள வேணாம்னு சொல்றது?"

கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமாவது அதிகாரியிடம் வாங்கி வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"ஒரு தடவை அவகிட்டயே கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

அவர் உள்ளே திரும்பிக் கூப்பிடவில்லை. அம்மாவும் நகரவில்லை. மூன்று பேரும் காத்திருந்தோம், எதற்கு என்று தெரியாமல். கொஞ்ச நேரத்தில் உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. முன்பைவிட மெதுவாக இருந்தது.

"டீ சாப்பிட்டுப் போம்மா," என்றார் அவர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் கல்லூரிக்குப் போய் அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வரவில்லை. வருவார்கள் என்று நானும் நம்பவில்லை. இரண்டு மணிக்கு அதிகாரி சாப்பிட எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "வரலையா? சரி விடுங்க. நம்மளால ஆனதைச் செஞ்சோம்," என்றார்.

அவளுடைய கல்யாணம் அடுத்த மாதமே ஆம்பூரில் நடந்தது. இதை அவள் அம்மாவே என்னிடம் சொன்னார். தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். நின்று பேசினார். மாப்பிள்ளை செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், நல்ல மாதிரி என்றார்.

"எதுவும் சொன்னாளாம்மா? நான் வந்துட்டுப் போன அன்னைக்கு?"

"ஒண்ணும் சொல்லல. தேச்ச பாத்திரத்தையே எடுத்துத் திரும்பத் தேச்சா. நான்தான் போதும்னு வாங்கி வெச்சேன்."

நான் அந்த வேலையை விடவில்லை. விட்டிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வேறு வேலை இல்லை, வீட்டில் என் சம்பளத்தையும் எதிர்பார்த்தார்கள். மேலும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து ஒரு டிராவல்ஸுக்கும், ஒரு மருத்துவமனைக்கும், ஒரு திருமணத் தகவல் மையத்துக்கும் இதே போன்ற ரோபோக்களைச் செய்தேன். ஒவ்வொன்றிலும், தெரியாத கேள்வி வந்தால் 'எனக்குத் தெரியவில்லை, இந்த எண்ணில் பேசுங்கள்' என்று எழுதி அனுப்புவேன். டிராவல்ஸ்காரர் அதை அப்படியே விட்டுவிட்டார். மற்ற இருவரும், போன் எண்ணை எடுத்துவிடச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மருத்துவமனைக்காரரோடு மட்டும் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவர் என் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "எடுத்துடும்மா," என்றார். எடுத்தேன்.